பெயரும் ஒரு மொய்தான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆர்டர் வந்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். சுகாதார ஆய்வாளர், கிரேடு இரண்டு. காந்திகிராமத்தில் படிப்பை முடித்துவிட்டு இத்தனை நாள் மெடிக்கல் ஷாப்பில் நிழலில் நின்றாய். இனி வெயிலில் நிற்கலாம். ரொம்ப சந்தோஷம்.

போன வாரம் பேசியபோது கேட்டாய்: "காண்டாக்ட் ட்ரேசிங் பற்றி ட்ரெயினிங்கில் ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டார்கள், அவ்வளவுதான். உங்களிடம் பழைய நோட்டு ஏதாவது இருக்கிறதா மாமா?" இல்லை. ஆபீஸ் ரெஜிஸ்டர்கள் ஆபீஸில் இருக்கின்றன. நான் கைப்பட எழுதி வைத்திருந்த சின்ன நோட்டுகளை ரிட்டயர்டு ஆன வாரமே அடுப்பில் போட்டுவிட்டேன். உங்கள் அத்தைக்கு அதில் வருத்தம்தான், ஏதோ நினைவுப் பொருளை எரித்துவிட்டேன் என்று. அதில் இருந்ததெல்லாம் அடுத்தவர் பெயர்கள். பரணில் போட்டு வைக்கிற சாமான் இல்லை.

அதனால் ஞாபகத்தில் இருப்பதை எழுதுகிறேன்.

ஸ்லைடில் என்ன போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நோயாளியைக் கண்டுபிடி, அவரோடு நெருங்கிப் பழகியவர்களைப் பட்டியல் எடு, பரிசோதி, நோய் வெளிப்படக்கூடிய நாள் கெடு முடிகிறவரை கண்காணி. நான்கு வரி, நான்கும் சரி. ஆனால் நம் உத்தியோகம் முழுக்க அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. ‘பட்டியல் எடு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியலை நோயாளி எதற்காகக் கொடுக்க வேண்டும்? அவருக்கு வந்தது வந்துவிட்டது. பெயர் சொல்வதால் அவர் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கப் போவதில்லை. சொன்னால் அக்கம்பக்கத்தில் பகைதான் மிச்சம்.

சட்டம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. 1897-ம் வருஷத்துக் கொள்ளைநோய்ச் சட்டம் இருக்கிறது. 1939-ல் மதராஸ் மாகாணம் கொண்டுவந்த பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது. நாட்டிலேயே இப்படி ஒரு சட்டம் முதலில் போட்டது நாம்தான், பெருமைதான். சட்டத்தைக் காட்டினால் வாய் திறக்கும். திறந்த வாயிலிருந்து பாதிப் பட்டியல் வரும், அதிலும் பாதி ஊரில் இல்லாத ஆள் பெயராக இருக்கும்.

நம் பக்கம் மொய் எழுதுவதை நீ சின்ன வயசிலிருந்து பார்த்தவன். ஊர், பேர், தொகை என்று எதற்கு எழுதுகிறோம்? நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வதற்கு. வாங்கி எழுதிவிட்டுத் திருப்பிச் செய்யாதவன் வீட்டுப் பந்தலில் அடுத்த தடவை ஆள் இருக்காது. நோயாளி உன்னிடம் சொல்கிற ஒவ்வொரு பெயரும் அப்படி வைத்த மொய்தான். அந்தப் பெயருக்குரியவர் வீட்டுக்கு நீ ஏதாவது கொண்டுபோயாக வேண்டும்: ஒரு தடுப்பூசி, ஒரு மாத்திரை, ஒரு பரிசோதனை முடிவு, அரிசி, குறைந்தபட்சம் ‘பயப்பட வேண்டாம், உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்கிற நிச்சயமான பேச்சு. ஒன்றும் கொண்டுபோகாமல் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தால் அடுத்த தெருவில் உனக்குக் கதவு திறக்காது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

முதலில் கேட்கிற விதம். "கடந்த பதினான்கு நாளில் யார் யாரைச் சந்தித்தீர்கள்?" என்று படிவத்தில் இருக்கும். அதை அப்படியே வாசித்தால் யாருக்கும் பதில் வராது. எனக்கே வராது. போன வியாழக்கிழமை நான் யாரைப் பார்த்தேன் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். ஆனால் "சந்தைக்குப் போனீர்களே, அன்றைக்குக் கத்திரிக்காய் என்ன விலை?" என்று ஆரம்பித்துப் பார். விலை ஞாபகம் வரும், விலையோடு கடைக்காரி, கடைக்காரியோடு கூட வந்த ஆள், ஏறிய ஷேர் ஆட்டோ எல்லாம் வரிசையாக வரும். நாள் கணக்கில் கேட்காதே. நடந்த காரியத்தை வைத்துக் கேள். பால் சொசைட்டியில் ஊற்றியது, குழுக் கூட்டத்தில் பணம் கட்டியது, நூறு நாள் வேலைக்குப் போனது, துக்க வீட்டில் ராத்திரி உட்கார்ந்தது. சொசைட்டியிலும் குழுவிலும் ஒரு நோட்டு இருக்கும், நூறு நாள் வேலைக்கு மஸ்டர் ரோல் இருக்கும். ஆளுக்கு மறந்தாலும் நோட்டு மறக்காது.

மொய் நோட்டும் அப்படித்தான். ஒரு தடவை ஒரு சின்னப் பையனுக்குத் தொண்டை அடைப்பான். டிப்தீரியா என்று படித்திருப்பாய். கூடப் பழகிய பிள்ளைகளுக்கு உடனே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும், தொண்டையில் ஸ்வாப் எடுக்க வேண்டும், தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் போட வேண்டும். தாமதிக்க முடியாத நோய். அந்த வாரம்தான் அவர்கள் வீட்டில் காதணி விழா முடிந்திருந்தது. யார் வந்தார்கள் என்று அப்பாவைக் கேட்டால் "ஊரே வந்தது சார்" என்கிறார். மொய் நோட்டைக் கேட்டேன். மனிதர் முகம் மாறிவிட்டது. எவ்வளவு வந்தது என்று பார்க்கத்தான் கேட்கிறேனோ என்று சந்தேகம். அங்கே கிடந்த தினத்தந்தியை மடித்துத் தொகை எழுதியிருந்த பக்கத்தை மூடி அவர் கையிலேயே பிடிக்கச் சொன்னேன். ஊரும் பேரும் மட்டும் பார்த்தேன். பையனின் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு அப்படியே கிளம்பியவர்களை விட்டுவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு ராத்தங்கிய வீடுகளை மட்டும் விரலை வைத்து வைத்துக் காட்டினார். நமக்கு வேண்டியது அவர்கள்தான். அன்று சாயங்காலத்துக்குள் அந்தந்த ஊர்களின் கிராம சுகாதார செவிலியர்களுக்குப் போன் போய்விட்டது.

ஒரே தடவையில் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்காதே. முதல் தடவை சொந்தக்காரர் பெயர் வரும். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர். மூன்றாவது தடவை போகும்போதுதான், வாசல்வரை வந்து வழியனுப்புகிற சாக்கில், டாஸ்மாக்குக்குக் கூட வந்தவர், சீட்டு ஆடியவர், கைமாற்று கொடுத்தவர் எல்லாம் மெதுவாக வருவார்கள். மருமகளிடம் கேட்க வேண்டியதை மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதே. மில் ஹாஸ்டலில் இருக்கிற பெண்ணிடம் வார்டன் முன்னால் கேட்காதே. ஆபீஸ் ஜீப்பைக் காசநோயாளி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தவே நிறுத்தாதே. தெருமுனையில் விட்டுவிட்டு நட. பட்டியலில் உள்ளவர் வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி, "என் பேரை யார் சொன்னது?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: "சொல்ல மாட்டேன். நாளைக்கு நீங்கள் சொல்கிற பேரையும் இப்படித்தான் சொல்ல மாட்டேன்." சிலர் கோபப்படுவார்கள். ஆனால் அந்தக் கோபக்காரர்கள்தான் பின்னால் பேசுவார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

இங்கே உனக்கு ஒரு வெளிநாட்டுக் கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நினைக்காமல் நான் எந்தப் பட்டியலையும் படமாக வரைந்ததில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எய்ட்ஸ் என்ற பெயர்கூட நிலைபெறாத காலம். நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியாமல் அட்லாண்டாவில் இருக்கிற நோய்க் கட்டுப்பாட்டு மையத்து ஆட்கள் நோயாளி நோயாளியாகப் போய்க் கேட்டார்கள். பெரும்பாலோருக்குத் தாங்கள் பழகியவர்களின் பெயர் ஞாபகமில்லை, அல்லது சொல்லவில்லை. ஏர் கனடாவில் விமானப் பணியாளராக இருந்த கயேத்தான் துகா என்ற கனடாக்காரர் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்களைக் கொடுத்து உதவினார். 1984-ல் 40 நோயாளிகளைக் கோடு போட்டு இணைத்து ஒரு படம் வெளியிட்டார்கள். நடுவில் துகா. கலிபோர்னியாவுக்கு வெளியே உள்ளவர் என்று குறிப்பதற்காக ஆய்வாளர்கள் இட்ட ஆங்கில ‘ஓ’ எழுத்தைப் பின்னால் வந்தவர்கள் சுழியம், அதாவது எல்லாவற்றுக்கும் தொடக்கமான ஆள், என்று படித்தார்கள். 1987-ல் ஒரு புத்தகம் வந்து, அமெரிக்காவுக்கே நோயைக் கொண்டுவந்தவர் இவர்தான் என்கிற மாதிரி ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. மனிதர் 1984-லேயே இறந்துபோயிருந்தார். மறுத்துப் பேச ஆளில்லை. 2016-ல் பழைய ரத்த மாதிரிகளின் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, அந்த வைரஸ் 1970-ஐ ஒட்டியே நியூயார்க்குக்கு வந்துவிட்டது, துகாவிடம் இருந்தது ஆதிவேர் இல்லை என்று தெளிவானது.

கவனித்தாயா? அவர் படத்தின் நடுவில் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அவர் அதிகம் பெயர் சொன்னவர் என்பது. வாயைத் திறக்காதவர்கள் படத்தின் ஓரத்தில் பத்திரமாக இருந்தார்கள். எந்தப் பட்டியலுக்கும் இந்தக் குணம் உண்டு. உனக்கு ஒத்துழைத்தவரே குற்றவாளி மாதிரி தெரிவார். மேலதிகாரி உன் படத்தைப் பார்த்து, "இந்த ஆளால்தான் இத்தனையுமா?" என்று கேட்பார். அப்போது, "இந்த ஆள் ஒருவர்தான் சார் உண்மையைச் சொன்னார்" என்று சொல்கிற தைரியம் உனக்கு வேண்டும்.

நம் ஊரில் 2020 மே மாதம் இதையே வேறு விதமாகப் பார்த்தோம். கோயம்பேடு சந்தையில் கொரோனா தொற்று பரவி, மே 5-ம் தேதி சந்தையை மூடி, மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் சுமை தூக்குகிறவர்கள் லாரி பிடித்துக் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மாவட்டங்களில் வேலை பார்த்த எச்.ஐ.கள், அதாவது நம் சுகாதார ஆய்வாளர்கள், பட்ட பாடு கொஞ்சமில்லை. சந்தையில் யாருக்கும் யார் பெயரும் தெரியாது. கடை நம்பர் தெரியும், லோடு தெரியும், லாரி தெரியும். அதை வைத்துத்தான் பிடித்தார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் ‘கோயம்பேட்டிலிருந்து வந்தவன்’ என்பது ஒரு வசவு மாதிரி ஆன பிறகு, லாரி டிரைவர்கள் ஊருக்கு முன்னாலேயே ஆளை இறக்கிவிட்டுப் போனதாக நண்பர்கள் சொல்லக் கேட்டேன். இறங்கி நடந்துபோனவர் பெயர் யார் பட்டியலில் வரும்?

அந்த வருஷம் நாம் எழுதிய பட்டியல்கள் எல்லாம் குப்பைக்குப் போகவில்லை, அதையும் தெரிந்துகொள். தமிழ்நாடும் ஆந்திரப் பிரதேசமும் சேர்த்த லைன் லிஸ்ட்டை வைத்து ரமணன் லட்சுமிநாராயண் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். நம் சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த ராதாகிருஷ்ணனும் அதில் ஓர் ஆசிரியர். 2020 இறுதியில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். இந்த ஐந்தே முக்கால் லட்சம் பெயரையும் யாரோ ஒரு எச்.ஐ., யாரோ ஒரு செவிலியர் வீட்டு வாசலில் நின்று முழங்காலில் நோட்டை வைத்து எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு நிமிர்வு வரும்.

அதில் கிடைத்தது என்ன? விவரம் சரியாக இருந்த நோயாளிகளில் 70.7 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று காணப்படவில்லை. பத்தில் ஏழு பேர் யாருக்கும் கொடுக்கவில்லை. மீதி மூன்று பேரில் சிலர் நிறையப் பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒத்த வயசுக்காரர்களுக்கு இடையில் பரவல் அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. இதிலிருந்து வேலைக்கு ஒரு பாடம் உண்டு. "உங்களிடமிருந்து யாருக்குப் போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டால் பத்துக்கு ஏழு தடவை வெறுங்கையோடு வருவாய். "உங்களுக்கு எங்கிருந்து வந்திருக்கும்?" என்று பின்னால் திரும்பிக் கேட்டால், பலருக்கும் கொடுத்த அந்த ஒரு இடத்தை, ஒரு கல்யாண மண்டபத்தையோ பட்டறையையோ, எட்டிப் பிடிக்க வாய்ப்பு அதிகம். ஜப்பானில் ஒஷிதானி என்ற பேராசிரியரின் யோசனைப்படி ஆரம்பத்திலேயே இப்படித்தான் செய்தார்கள். இன்னொன்று, எனக்கு இதில் பிடித்தது: எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது அவர் பாதிக்கப்பட்டவராக உட்கார்ந்து பேசுவார். யாருக்குக் கொடுத்தீர்கள் என்றால் முதுகு விறைத்துவிடும்.

சரி, திருப்பிச் செய்வதற்கு வருகிறேன்.

பெரியம்மையை ஒழித்தது ஊர் முழுக்க ஊசி போட்டதால் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபோகி என்ற மருத்துவருக்கு எல்லோருக்கும் போடுகிற அளவு மருந்து கையில் இல்லை. அதனால் நோய் வந்த வீடு, அதைச் சுற்றிய வீடுகள், அவர்கள் போய்வரும் சந்தை என்று வளையம் கட்டிப் போட்டார். நோய் நின்றது. 1970-களில் அதே முறையை இந்தியாவில் செய்தார்கள். வீடு வீடாகத் தேடுவது, நோயாளி வீட்டு வாசலில் காவலுக்கு ஆள் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஊசி போடுவது, நோயாளி இருப்பதைச் சொன்னவருக்கு ரொக்கப் பரிசு. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. அதில் பெயர் கொடுத்தவரின் உறவுக்காரருக்குக் கிடைத்தது தடுப்பூசி. தொற்று பட்ட மூன்று நான்கு நாளுக்குள் போட்டாலும் காப்பாற்றுகிற ஊசி. அப்படி ஒன்று கையில் இருந்தால் பட்டியல் தானாக வரும்.

உனக்கு அன்றாடம் வரப்போவது பெரியம்மையோ எபோலாவோ இல்லை, காசநோய்தான். அதில் நம் சென்னைக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் இடத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமையில் ஒரு சோதனை தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். குடும்பத்தைவிட்டு வருஷக்கணக்கில் விலகிக் கிடக்க வேண்டும். சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகச் சீட்டுப் போட்ட மாதிரி பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம், மாத்திரையோடு நல்ல சாப்பாடு, ஓய்வு. இன்னொரு பிரிவு தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்துகொண்டு அதே மாத்திரை சாப்பிட்டது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு.

அதோடு விட்டிருந்தால் அது மருந்துச் சோதனை. அவர்கள் விடவில்லை. வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் பெண்டாட்டி பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளாதா என்கிற கேள்வி இருந்தது. இரண்டு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரையும் 5 வருஷம் விடாமல் போய்ப் பரிசோதித்தார்கள். 1966-ல் முடிவு வந்தது: நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே, மாத்திரை தொடங்குவதற்கு முன்னாலேயே தொற்றிவிடுகிறது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியானதில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. இது உன் பையில் இருக்க வேண்டிய செய்தி மாப்ளே. காசநோய் வந்த மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பத் துணி மூட்டை கட்டுவதை நீ பார்ப்பாய். அப்போது அந்த மாமியாரிடம், "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் இங்கேயே இருக்கலாம், உங்கள் பேரனுக்கு இதனால் கூடுதல் ஆபத்து இல்லை" என்று அடித்துச் சொல்ல உனக்கு நம் சென்னையிலேயே எடுத்த ஆதாரம் இருக்கிறது.

பேரனுக்கும் கொடுக்க உன்னிடம் இப்போது மருந்து இருக்கிறது. எங்கள் காலத்தில் ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் தடுப்பு மாத்திரை. அதுவும் பல இடங்களில் பேப்பரோடு சரி. 2021 முதல் சளியில் கிருமி உள்ள நோயாளியின் வீட்டார் எல்லோருக்கும் உண்டு என்று வழிகாட்டுதல் மாறியிருக்கிறது. முதலில் இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருக்கிறதா என்று பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். வாரம் ஒரு தடவை வீதம் 12 வாரம், அல்லது தினமும் 6 மாதம். "நன்றாக ஓடியாடுகிற பிள்ளைக்கு எதற்கு மாத்திரை?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். எரிச்சல்படாதே, நியாயமான கேள்வி அது. வாரம் ஒரு தடவை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதை முந்தியே சொல்லிவிடு. சொல்லாமல் விட்டால் மறுநாள் காலையில் அத்தனை மாத்திரையும் சாக்கடையில் இருக்கும்.

அப்புறம் சோறு. இதை யாரும் உனக்கு ட்ரெயினிங்கில் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியும் நம் சேத்துப்பட்டு நிறுவனமும் சேர்ந்து ‘ரேஷன்ஸ்’ என்ற பெயரில் ஓர் ஆய்வு செய்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதிப் பேரின் குடும்பத்தாருக்கும் சேர்த்து மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். 10,345 குடும்பத்தாரைத் தொடர்ந்து பார்த்ததில், அரிசி பருப்பு வாங்கிய குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பரிசோதனையில் கிருமி காணப்பட்ட நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். 2023-ல் ‘லான்செட்’டில் வந்தது. தடுப்பூசி செய்கிற வேலையை அரிசியும் பருப்பும் செய்திருக்கின்றன. ஆகவே பட்டியல் எடுக்கப் போகிற வீட்டில் அடுப்பையும் பார். பிள்ளைகளின் எடையை எழுது. ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போயிருந்தால் தாலுகா வழங்கல் ஆபீஸுக்கு ஒரு நடை நட. அது உன் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வா.

நடை என்றதும் ஞாபகம் வருகிறது. 2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து ஒருவர் எபோலாவோடு நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் இறங்கினார். கோடிக்கணக்கில் ஜனம் நெருங்கி வாழ்கிற ஊர். உலகமே நடுங்கியது. போலியோவுக்காக வைத்திருந்த களப்பணியாளர்களை அப்படியே திருப்பிவிட்டார்கள். சுமார் 900 தொடர்புகள், ஒவ்வொருவருக்கும் 21 நாள் கண்காணிப்பு. நேரில் போய்ப் பார்த்தது மட்டும் 18,500 தடவை. 20 பேருக்கு நோய், 8 பேர் சாவு, அதோடு நின்றது. அக்டோபர் 20-ம் தேதி நாடு எபோலாவிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். போனில் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டு டிக் அடித்திருந்தால் அது நடந்திருக்காது. 2020-ல் நம் பக்கம் சில நகரங்களில் என்ன செய்தார்கள்? வாசலில் தகரம் அடித்தார்கள். தகரத்துக்கு உள்ளே இருந்தவருக்குப் பால் யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பல இடங்களில் பக்கத்து வீட்டுக்காரர்தான். அந்தத் தகரம் அடுத்த தெருவில் எத்தனை இருமலை ஒளித்து வைத்திருக்கும் என்று எந்த ஆய்வும் எண்ணிச் சொல்ல முடியாது.

நீ செல்போன் தலைமுறை. ஆப் ஒன்று போட்டால் தானே கண்டுபிடித்துவிடாதா என்பாய். சிங்கப்பூர்க்காரர்கள் 2020 மார்ச்சில் ‘ட்ரேஸ்டுகெதர்’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். நோய்த் தடம் பார்ப்பதற்கு மட்டும்தான் தகவலைப் பயன்படுத்துவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்திலேயே, குற்ற விசாரணைக்குப் போலீசும் அதைக் கேட்டு வாங்கலாம் என்று தெரியவந்தது. ஜனங்களுக்கு ஒரே கோபம். அந்த ஆப்பைப் பற்றி முன்பு உறுதி சொல்லியிருந்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் எழுந்து விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. அவசரமாக ஒரு சட்டம் போட்டு, கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். அவ்வளவு ஒழுங்கான நாட்டிலேயே இந்தக் கதி. உன்னிடமும் ஸ்டேஷனிலிருந்து யாராவது வந்து, "அந்த லிஸ்டைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்பார்கள். மருத்துவ அலுவலரைக் கேளுங்கள் என்று கைகாட்டிவிடு.

எல்லா நோய்க்கும் இந்த வேலை பலிக்காது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2003-ல் வந்த சார்ஸ் நோயில் ஆள் படுத்த பிறகுதான் அதிகம் தொற்றும். தேடிப் பிடிக்க அவகாசம் இருந்தது, பிடித்தார்கள். ஃப்ளூ அப்படி இல்லை, இருமல் வருவதற்கு முன்னாலேயே அடுத்த ஆளுக்குத் தாவத் தொடங்கிவிடும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாவது அலையில் நாங்கள் ராத்திரி பதினொரு மணிவரை பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். எழுதிய பெயரைத் தேடிப் போவதற்குள் அவர் ஆக்சிஜனுக்கு வரிசையில் நின்றார். அந்த மாதம் அந்த வேலையை நிறுத்திவிட்டு எங்களை ஆஸ்பத்திரி வாசலுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கொஞ்சப் பேருக்கு நோய் இருக்கும்போது இது கத்தி. ஊரெல்லாம் பற்றிய பிறகு வெறும் காகிதம். மேலிடத்தில் இதைச் சொன்னால் கேட்பார்களா என்றால், கேட்க மாட்டார்கள். மீட்டிங்கில் ஒரு தடவையாவது சொல்லி வை.

உன் உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. காசநோயாளியிடம் பேசுவதென்றால் அறைக்குள் உட்காராதே. திண்ணைக்கோ வேப்பமரத்தடிக்கோ அழைத்து வந்துவிடு, காற்றோட்டம்தான் முதல் பாதுகாப்பு. உள்ளே போக வேண்டிவந்தால் என்95 போட்டுக்கொள், ஏன் போடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போடு. வருஷம் ஒரு தடவை உனக்கும் எக்ஸ்ரே எடு. யார் வீட்டிலும் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடி. எந்தத் தெருவானாலும் சரி, குறிப்பாகக் காலனியில். நீ டம்ளரை வாங்குகிறாயா என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஜாயின் பண்ணுகிற அன்றைக்குக் கேக் வெட்டுவார்கள், சாப்பிட்டுவிட்டு நேராக உன் பகுதியின் தடுப்பு மாத்திரை ரெஜிஸ்டரை எடு. தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டவர்கள் யார் யார் என்று சிவப்பு மையில் குறித்துக்கொள். உனக்கு முன்னால் இருந்தவர் வாங்கிய பெயர்கள் அவை, இனி உன் பாக்கி. புது நோயாளிகளைத் தேடுவதற்கு முன்னால் அந்த வீடுகளுக்குப் போ. திரும்ப எப்போது வருவாய் என்று அவர்கள் வீட்டுக் காலண்டரிலேயே உன் கையால் எழுது. எழுதிய தேதியில் மழை பெய்தாலும் போய் நில்.

நல்ல மழைக்கோட்டாக ஒன்று வாங்கிக்கொள், துறையில் கொடுப்பதை நம்பாதே. அக்காவிடம் சொல், தை மாதம் வருகிறோம்.

அன்புடன்,
உன் மாமா